6.6 கெர்னல் தொகுப்பு: அமைவுக் கோப்பில் எழுதும் வைஃபை வரி மறைந்துபோகிறது, தொகுப்பும் நடுவில் நிற்கிறது

கேள்வி: தலவாக்கலை ஆசிரியன்

அண்ணன், அக்காமாருக்கு வணக்கம். தலவாக்கலைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். எங்கள் கணினி அறையில் இருப்பவை நன்கொடையாக வந்த பழைய மேசைக் கணினிகள். ஒவ்வொன்றிலும் 4 ஜிபி நினைவகம், 120 ஜிபி எஸ்எஸ்டி, உபுண்டு 22.04. அறைக்கு இணைய இணைப்பு இல்லாததால், நிறுவியபோது வந்த 5.15 கெர்னலே (லினக்ஸின் கருநிரல்) இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய மாணவர் ஒருவர் யூஎஸ்பி வைஃபை டொங்கிள்கள் வாங்கித் தந்திருக்கிறார். உள்ளே இருப்பது ரியல்டெக் 8821சியூ சில்லு. 5.15 இல் அதற்கு இயக்கி கிடையாது. ரியல்டெக் வைஃபைக்கான ஆர்டிடபிள்யூ88 இயக்கியில் யூஎஸ்பி ஆதரவு 6.2 இல்தான் சேர்ந்தது என்று படித்தேன். ஆகவே நீண்டகால ஆதரவுள்ள 6.6 ஐ மூலநிரலிலிருந்து இங்கேயே தொகுக்க முடிவெடுத்தேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் இதில் இறங்கிவிட்டார்கள். பாடசாலை விட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மூலக் கோப்பை ஹட்டனில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தேன். எஸ்எஸ்டியில் இடம் போதாமல் போகலாம் என்பதால் அந்தப் பென்டிரைவிலேயே விரித்து அங்கேயே தொகுக்கிறேன். அது எக்ஸ்ஃபட் முறையில் வடிவமைத்த 128 ஜிபி பென்டிரைவ். விரிக்கும்போது சில குறியீட்டு இணைப்புகளை உருவாக்க அனுமதி இல்லை என்று டார் கட்டளை சொன்னது. பைசன், ஃபிளெக்ஸ், பீசி, லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எல்ஃப்-டெவ், லிப்என்கர்சஸ்-டெவ் ஆகிய பொதிகளைத் தொலைபேசியை யூஎஸ்பியில் இணைத்து அதன் டேட்டாவில் நிறுவியிருக்கிறேன்.

பூட் அடைவில் இருந்த 5.15 இன் அமைவுக் கோப்பை (எந்தெந்தப் பகுதிகள் வேண்டும் என்ற பட்டியல்) '.கொன்ஃபிக்' என்று நகலெடுத்து, 'மேக் ஓல்ட்டெஃப்கொன்ஃபிக்' ஓட்டி, 'மேக் -ஜே4' கொடுத்தேன். சற்று நேரத்தில் 'நோ ரூல் டு மேக் டார்கெட்' என்று நின்றுவிட்டது. அது கேட்பது 'டெபியன்/கனோனிக்கல்-செர்ட்ஸ்.பெம்' என்ற கோப்பை. மூலத்தில் அப்படி ஓர் அடைவே இல்லை. '-கே' சேர்த்து, நின்ற இடத்தை விட்டுவிட்டு மற்றதை ஓட்டிப் பார்த்தால், வலைப் பொட்டலங்களை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியின் அடைவில் 'எக்ஸ்டி_டிசிபிஎம்எஸ்எஸ்.ஓ' என்ற கோப்புக்கும் அதே செய்தி வருகிறது.

இதற்கிடையில் மாணவி ஒருத்தி 'மேக் லோக்கல்மொட்கொன்ஃபிக்' பற்றிப் படித்து வந்து சொன்னாள். அதை ஓட்டியதும் அமைவுக் கோப்பு நன்றாகச் சுருங்கியது. ஆனால் நமக்கு வேண்டிய 8821சியூ வரியை அதில் 'எம்' (தனித் தொகுதியாக வேண்டும்) என்று எழுதிச் சேமித்து, ஓல்ட்டெஃப்கொன்ஃபிக் ஓட்டினால் வரி மறைந்துவிடுகிறது. பிழைச் செய்தியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மறுபடி எழுதினால் மறுபடியும் மறைகிறது.

மூன்றும் ஒரே காரணத்தால் வருகின்றனவா, வெவ்வேறா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?


பதில்: ஹட்டன்வாசி

தம்பி, டொங்கிள் வேலை செய்தால் போதும் என்றால் தொகுப்பு எதற்கு? உபுண்டு 22.04 க்கென்று புதிய வன்பொருளுக்கான கெர்னல் பொதி ஒன்று இருக்கிறது. பெயர் 'லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-22.04'. அந்த வரிசை இப்போது 6.8 இல் நிற்கிறது. நீங்கள் தேடும் இயக்கி அதற்குள்ளேயே உண்டு. தொலைபேசியை இணைத்து ஒருமுறை 'ஆப்ட்-கெட்' வழியாக இறக்கினால் போதும். இறக்கிய டெப் கோப்புகள் 'வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ்' அடைவில் தங்கும். அவற்றை எடுத்து மற்றக் கணினிகளிலும் டேட்டா செலவில்லாமல் நிறுவலாம். பாதுகாப்புத் திருத்தங்களும் தொடர்ந்து வரும். கையால் தொகுத்த கெர்னலுக்கு அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழும் என்பதை யோசித்துப் பாருங்கள்.


தலவாக்கலை ஆசிரியன்

நன்றி அண்ணா. நல்ல வழி. அறையிலுள்ள மற்றக் கணினிகளுக்கு அதையே செய்கிறேன். ஆனால் ஒரு கணினியிலாவது தொகுத்து முடிக்க வேண்டும் என்று பிள்ளைகள் விரும்புகிறார்கள். இயங்குதளம் என்ற பாடத்தைப் புத்தகத்தில் படித்தவர்கள், அதன் மூலநிரலைத் திறந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. இந்த ஆர்வத்தைப் பாதியில் நிறுத்த எனக்கு மனமில்லை.


பதில்: பண்டாரவளை அக்கா

தம்பி, ஹட்டன் அண்ணன் சொன்னது சரியான ஆலோசனை. நீங்கள் சொன்ன காரணமும் சரியானது. ஆகவே தொகுப்போம். நான் பண்டாரவளையில் கணினி திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். பழைய மடிக்கணினிகளுக்குக் கெர்னலைச் சுருக்கித் தொகுப்பது எனக்கு அடிக்கடி வரும் வேலை. உங்களுடைய மூன்று தடங்கல்களுக்கும் மூன்று வேறு காரணங்கள் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதுதான் பிள்ளைகளுக்கு அதிகம் கற்றுத்தரும். மற்ற இரண்டையும் முதலில் தீர்த்துவிடுவோம்.

நெட்ஃபில்டர் பிழை உங்கள் பென்டிரைவிலிருந்து வருகிறது. அந்த அடைவில் 'எக்ஸ்டி_டிசிபிஎம்எஸ்எஸ்.சி' என்று இரண்டு கோப்புகள் உண்டு. ஒன்றில் கடைசி ஆறு எழுத்துகளும் ஆங்கிலப் பெரிய எழுத்து, மற்றதில் சிறிய எழுத்து. பெரிய எழுத்துக் கோப்பு பொட்டலத்தை மாற்றும் பகுதி, சிறிய எழுத்துக் கோப்பு பொட்டலத்தைப் பரிசோதிக்கும் பகுதி. நெட்ஃபில்டரில் இது ஒரு பழைய வழக்கம். டிஎஸ்சிபி, எச்எல் ஆகியவற்றுக்கும் இதே போல இரட்டைக் கோப்புகள் இருக்கின்றன. எக்ஸ்ஃபட் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்தாது. விரிக்கும்போது பின்னால் வந்த கோப்பு முன்னால் வந்ததை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. டார் காட்டிய குறியீட்டு இணைப்புச் செய்தியும் இதே நோயின் இன்னோர் அறிகுறி. எக்ஸ்ஃபட்டில் குறியீட்டு இணைப்பே கிடையாது. இப்படிச் சிதைந்த மூலத்தை ஒட்டுப்போட முயல வேண்டாம். விரித்ததை முழுவதும் அழித்துவிடுங்கள். சுருக்கிய மூலக் கோப்பு பென்டிரைவில் பத்திரமாகத்தான் இருக்கும், அது ஒற்றைக் கோப்பு. அதை எஸ்எஸ்டியில், உங்கள் வீட்டு அடைவுக்குள், லினக்ஸின் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4 இல் விரியுங்கள். விரிக்கும் அடைவின் பெயரில் இடைவெளியோ முக்காற்புள்ளியோ இருக்கக்கூடாது. இருந்தால் மேக் முதல் வரியிலேயே மறுத்துவிடும்.

இடம் போதாது என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. உபுண்டுவின் அமைவுக் கோப்பை அப்படியே எடுத்துத் தொகுத்தால் இருபது ஜிபிக்கு மேல் விழுங்கும் என்பது உண்மை. அதில் பெரும்பகுதி பிழைதிருத்தத் தகவல்தான். அதை அணைத்து, லோக்கல்மொட்கொன்ஃபிக் மூலம் சுருக்கினால் சில ஜிபிக்குள் எல்லாம் அடங்கிவிடும். அணைப்பதற்கு 'மேக் மெனுகொன்ஃபிக்' திறந்து, 'கெர்னல் ஹேக்கிங்' என்ற தலைப்பின் கீழ் பிழைதிருத்தத் தகவல் பகுதிக்குப் போய், வேண்டாம் என்ற தெரிவை எடுங்கள். இதைக் கையால் எழுதாமல் மெனுவில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 5.18 இலிருந்து அது பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தெரிவாக மாறிவிட்டது. கோப்பில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மற்றதை அணைக்காமல் விட்டால் எது வெல்லும் என்று ஊகித்துக்கொண்டிருக்க நேரும். அதை அணைத்தால் பிடிஎஃப் என்ற பகுதியும் கூடவே போய்விடும். உங்களுக்கு அதுவும் நல்லது. அது இருந்தால் கடைசி இணைப்பு வேலையில் 'பஹோல்' என்ற கருவியைக் கேட்கும், 4 ஜிபி நினைவகத்தையும் முழுதாகக் கேட்கும்.

சான்றிதழ்ப் பிழைக்கு வருவோம். கனோனிக்கல் நிறுவனம் தன் கெர்னலைத் தொகுக்கும்போது தன்னுடைய சான்றிதழ்களை உள்ளே பதிக்கிறது. அந்தச் சான்றிதழ் கோப்பு அவர்களுடைய உபுண்டு மூலத்தில் 'டெபியன்' அடைவில் இருக்கும். நீங்கள் எடுத்திருப்பது கெர்னல்.ஓர்க் தளத்தின் மூலநிரல். அதில் அந்த அடைவு இருக்காது. ஆனால் நகலெடுத்த அமைவுக் கோப்பு அதன் பாதையைக் கூடவே கொண்டுவந்துவிட்டது. தீர்வு:

ஸ்கிரிப்ட்ஸ்/கொன்ஃபிக் --செட்-ஸ்டர் சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ் ""
ஸ்கிரிப்ட்ஸ்/கொன்ஃபிக் --செட்-ஸ்டர் சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ் ""

இரண்டாவதை மறந்தால் அடுத்ததாக அதில் நிற்கும். பக்கத்தில் 'மொட்யூல்_சிக்_கீ' என்று ஒரு வரி தெரியும், அதைத் தொட வேண்டாம். அது கேட்கும் திறவுகோலைத் தொகுப்பே ஓபன்எஸ்எஸ்எல் கொண்டு உருவாக்கிக்கொள்ளும்.

இனி மறைந்துபோகும் வரி. பிள்ளைகளை இங்கே உட்கார வையுங்கள்.

'.கொன்ஃபிக்' கோப்பு மனிதர் எழுதும் கோப்பு மாதிரித் தோன்றும். உண்மையில் அது ஒரு கணக்கீட்டின் விளைவு. விதிகள் முழுவதும் 'கேகொன்ஃபிக்' என்ற பெயருள்ள கோப்புகளில், மூலத்தின் ஒவ்வோர் அடைவிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு தெரிவும் தான் எதன்மீது தங்கியிருக்கிறது என்று அங்கே அறிவித்திருக்கும். ஓல்ட்டெஃப்கொன்ஃபிக் நீங்கள் எழுதியதை வாசிக்கும், விதிகளோடு ஒப்பிடும், தங்கியிருக்க வேண்டியது இல்லையென்றால் வரியைக் கேள்வி கேட்காமல் தள்ளிவிடும். நம் தோட்டங்களில் காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் பதியும் இடம்) பெயர் பதியாதவர் நேரே மலைக்குப் போய்க் கொழுந்து பறித்தாலும் செக்ரோலில் (வேலைநாள் பதிவேடு) அன்று அவருக்குப் பேர் விழாது. உங்கள் 8821சியூ வரிக்கும் அதே கதிதான்.

எந்தப் பெயர் பதியவில்லை என்பதை மெனுகொன்ஃபிக்கே காட்டும். உள்ளே சாய்கோட்டை அழுத்தி 8821சியூ என்று தேடுங்கள். தங்கியிருக்கும் தெரிவுகளும் ஒவ்வொன்றின் தற்போதைய மதிப்பும் வரிசையாக வரும். 'ஒய்' என்றால் கெர்னலுக்குள்ளேயே உண்டு, 'என்' என்றால் இல்லை. வலையமைப்புச் சாதனங்கள் 'ஒய்', டபிள்யூலேன் 'ஒய்', ரியல்டெக் நிறுவனப் பிரிவு 'ஒய்', ஆர்டிடபிள்யூ88 'என்', யூஎஸ்பி 'ஒய்' என்று இருக்கும் என எதிர்பார்க்கிறேன். அப்படியானால் இப்போது ஆர்டிடபிள்யூ88 ஐத் தேடுங்கள். அது மெக்80211 மீது தங்கியிருக்கிறது. அதுவும் 'என்'. மெக்80211 என்பது கெர்னலின் வைஃபை அடித்தளம். அது சிஎஃப்ஜி80211 மீது நிற்கிறது. வேர் அங்கே இருக்கிறது.

ஏன் 'என்' ஆனது? லோக்கல்மொட்கொன்ஃபிக் செய்வது இவ்வளவுதான்: 'எல்எஸ்மொட்' கட்டளை அந்தக் கணத்தில் நினைவகத்தில் ஏறியிருப்பதாகக் காட்டும் தொகுதிகளை வைத்துக்கொண்டு, 'எம்' என்றிருக்கும் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடும். உங்கள் மேசைக் கணினியில் வைஃபை கிடையாது. டொங்கிளுக்கு இயக்கி இல்லாததால் அதைச் செருகியும் வைஃபைத் தொகுதி எதுவும் ஏறவில்லை. ஆகவே மெக்80211 வேண்டாத பொருளாகக் கணக்கிடப்பட்டுப் போய்விட்டது. மாணவி கண்டுபிடித்துச் சொன்ன கட்டளை மிக நல்ல கட்டளை. அதற்கு முன்னால் ஒரு வரி மட்டும் சேர்க்க வேண்டும்:

சூடோ மொட்ப்ரோப் மெக்80211

இது பழைய 5.15 கெர்னலிலேயே அடித்தளத்தை நினைவகத்தில் ஏற்றும், சிஎஃப்ஜி80211 ஐயும் கூடவே இழுத்துவரும். அதன் பிறகு உபுண்டுவின் அமைவுக் கோப்பைப் புதிதாக நகலெடுத்து, லோக்கல்மொட்கொன்ஃபிக் ஓட்டுங்கள். 5.15 க்கும் 6.6 க்கும் இடையில் வந்த புதிய தெரிவுகளைப் பற்றிக் கேள்விகள் கேட்கும். தெரியாத கேள்விக்கெல்லாம் என்டர் தட்டலாம். பிறகு:

ஸ்கிரிப்ட்ஸ்/கொன்ஃபிக் --மொட்யூல் ஆர்டிடபிள்யூ88 --மொட்யூல் ஆர்டிடபிள்யூ88_8821சியூ

அடுத்து ஓல்ட்டெஃப்கொன்ஃபிக், அதற்கடுத்து அந்த வரி இருக்கிறதா என்று 'கிரெப்' கொண்டு பார்ப்பது. இந்தக் கடைசிச் சோதனையை ஒருபோதும் விடாதீர்கள். தொகுத்து, நிறுவி, மறுதொடக்கம் செய்த பிறகு வரி இல்லை என்று தெரிந்தால் ஒரு பின்னேரம் முழுவதும் வீண். 'எம்' க்குப் பதில் 'ஒய்' என்று கொடுத்துப் பயனில்லை, மெக்80211 'எம்' ஆக இருக்கும்வரை அதன் மேலே நிற்பதும் 'எம்' ஆகத்தான் இருக்க முடியும். ஆர்டிடபிள்யூ88 இன் மையப் பகுதியையும் யூஎஸ்பி பகுதியையும் தனியாக எழுத வேண்டியதில்லை. 8821சியூ அவற்றைத் தானே தெரிவுசெய்துகொள்ளும்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கோப்பில் '#' குறியோடு தொடங்கி 'இஸ் நொட் செட்' என்று முடியும் வரிகள் வெறும் குறிப்புரை போலத் தெரியும். அவையும் வாசிக்கப்படுகின்றன. அந்த வரி இருந்தால் 'இது வேண்டாம்' என்று தீர்மானமாகச் சொன்னதாகப் பொருள். வரியை அழித்துவிட்டால், இன்னும் தீர்மானிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு இயல்பு மதிப்பைப் போட்டுவிடும். அழகுக்காக அந்த வரிகளைத் துடைத்துவிட்டு, அணைத்ததெல்லாம் திரும்ப வந்து நிற்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

தொகுப்பு நின்றால் கடைசி வரியைப் பார்க்காதீர்கள். 'எரர் 2' என்று அடுக்கடுக்காக வருபவை எல்லாம் மேல் அடைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டதன் எதிரொலி. '-ஜே4' இல் நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் எழுதுவதால் உண்மையான பிழை பல திரைகளுக்கு மேலே போய்விடும். வெளியீட்டைப் பிழைச் செய்திகளோடு சேர்த்து 'டீ' கட்டளையால் ஒரு கோப்பில் சேமித்து, அதில் முதலாவதாக வரும் மூன்று நட்சத்திரக் குறியைத் தேடுங்கள். குழப்பமாக இருந்தால் '-ஜே1' இல் மறுபடி ஓட்டுங்கள். முடிந்த வேலைகளை அது மறுபடி செய்யாது, நேரே பிழையில் போய் நிற்கும்.


பதில்: கொட்டகலைக்காரன்

அக்கா எல்லாவற்றையும் விளக்கிவிட்டார். தலவாக்கலைக்கு அடுத்த ஊர்க்காரன் என்பதால் மின்சாரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் பக்கம் மார்ச், ஏப்ரலில் மத்தியானத்துக்குப் பிறகு இடி தொடங்கினால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால் மரம் விழுந்து கம்பி அறுவது வேறு. யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் தொகுப்பு நடுவில் அணைந்தால் அதன் பின் வரும் பிழைகள் ஆளைப் பைத்தியமாக்கும். ஏனென்றால் அவற்றுக்கும் உங்கள் அமைவுக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது.

ஈஎக்ஸ்டி4 புதிதாக எழுதிய கோப்பின் உள்ளடக்கத்தை உடனே வட்டில் இறக்காது, சில நொடிகள் நினைவகத்தில் வைத்திருக்கும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அடுத்த முறை மேக் ஓடும்போது கோப்பு இருக்கிறது, நேரமும் புதியது என்று அந்த '.ஓ' கோப்பை முடிந்த வேலையாக எடுத்துக்கொள்ளும். கடைசியில் இணைப்பு வேலை வரும்போதுதான் கோப்பின் வடிவம் அடையாளம் தெரியவில்லை என்று கத்தும். சில சமயம் '.சிஎம்டி' என்று முடியும் மறைவான துணைக் கோப்புகள் குப்பையாகிவிடும். அப்போது 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று ஏதோ மேக்ஃபைலே பிழை என்பது போல வரும்.

கரண்ட் வந்ததும் மூல அடைவுக்குள் இதை ஓட்டுங்கள்:

ஃபைண்ட் . -நேம் '*.ஓ' -சைஸ் 0 -டிலீட்

'*.சிஎம்டி' க்கும் அதையே செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் 'மேக் கிளீன்'. அது '.கொன்ஃபிக்' கோப்பைத் தொடாது. 'மேக் எம்ஆர்ப்ரொப்பர்' மட்டும் வேண்டாம், அது அமைவுக் கோப்பையும் சேர்த்துத் துடைத்துவிடும். எதற்கும் அமைவுக் கோப்பின் பிரதி ஒன்றை மூல அடைவுக்கு வெளியே வைத்திருங்கள். 'சிகேஷ்' நிறுவி, மேக் கட்டளையில் 'சிசி="சிகேஷ் ஜிசிசி"' என்று கொடுத்தால், கிளீன் செய்த பிறகும் முன்பு தொகுத்தவை சேமிப்பிலிருந்து விரைவாகத் திரும்ப வரும். நம் ஊர்க் காலநிலைக்கு அது பெரிய உதவி.


தலவாக்கலை ஆசிரியன்

அக்காவுக்கும் இரு அண்ணன்மாருக்கும் மிகுந்த நன்றி. எஸ்எஸ்டியில் விரித்ததும் நெட்ஃபில்டர் பிழை ஒழிந்தது. சான்றிதழ் வரிகளை வெறுமையாக்கியதும் அதுவும் ஒழிந்தது. மெனுகொன்ஃபிக்கில் தேடியபோது அக்கா எழுதியபடியே ஆர்டிடபிள்யூ88 'என்', அதன் கீழே மெக்80211 'என்'. பிள்ளைகள் அந்தச் சங்கிலியைக் கரும்பலகையில் வரைந்து, மேலும் சில தெரிவுகளுக்கும் தாங்களாகவே வேர் தேடத் தொடங்கிவிட்டார்கள். மொட்ப்ரோப் செய்து மறுபடி சுருக்கியபின் 8821சியூ வரி நிலைத்து நிற்கிறது.

'-ஜே4' இல் ஓட்டியபோது சிசி1 (தொகுப்பி நிரல்) கொல்லப்பட்டது என்று ஒருமுறை நின்றது. டிமெசேஜ் பார்த்ததில் நினைவகம் தீர்ந்திருந்தது. உலாவியை மூடிவிட்டு '-ஜே2' இல் ஓட்டினேன், முடிந்துவிட்டது. 6.6 ஏறி, திரையும் வலையமைப்பு அட்டையும் ஒலியும் வேலை செய்கின்றன.

இப்போது இரண்டு சந்தேகங்கள். டொங்கிளைச் செருகினால் வைஃபை வரவில்லை, 'எல்எஸ்யூஎஸ்பி' அதை ஒரு வட்டுச் சாதனமாகக் காட்டுகிறது. தொலைபேசியை யூஎஸ்பியில் இணைத்தாலும் புதிய கெர்னலில் இணையம் வரவில்லை, 5.15 இல் வருகிறது. இதோடு, இதே மாதிரிக் கணினி இன்னொன்றிலும் இந்தக் கெர்னலைப் போட்டுப் பார்க்கப் பிள்ளைகள் கேட்கிறார்கள். முழுத் தொகுப்பையும் அங்கே மறுபடி செய்ய வேண்டுமா?


பண்டாரவளை அக்கா

நன்றாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி. கரும்பலகையில் வரைந்த பிள்ளைகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

தொலைபேசியின் கதை மெக்80211 இன் கதையேதான். சுருக்கும் நேரத்தில் தொலைபேசி இணைக்கப்பட்டிருக்கவில்லை, ஆகவே 'ஆர்என்டிஐஎஸ்_ஹோஸ்ட்', 'சிடிசி_ஈதர்', 'யூஎஸ்பிநெட்' ஆகியவை பட்டியலில் இல்லை. 5.15 இல் ஏறி, அறையில் என்றாவது பயன்படுத்தக்கூடிய எல்லாவற்றையும் செருகுங்கள்: தொலைபேசி இணைப்பை இயக்கிய நிலையில், அச்சுப்பொறி, வெப்கேமரா, பென்டிரைவ், புரொஜெக்டர். ஒவ்வொன்றையும் ஒருமுறை பயன்படுத்துங்கள். எக்ஸ்ஃபட் பென்டிரைவை ஏற்றிப் பார்த்தால்தான் அந்தக் கோப்பு முறைமையின் தொகுதியும் உள்ளே வரும். பிறகு 'எல்எஸ்மொட்' வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். மற்றக் கணினியிலும் அதையே செய்து, இரண்டு வெளியீட்டையும் ஒரே கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேருங்கள். லோக்கல்மொட்கொன்ஃபிக் அந்தக் கோப்பையே ஏற்றுக்கொள்ளும்:

மேக் எல்எஸ்மொட்=/ஹோம்/லேப்/எல்லாம்.டெக்ஸ்ட் லோக்கல்மொட்கொன்ஃபிக்

இதைச் செய்யும் முன் உபுண்டுவின் முழு அமைவுக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஏற்கெனவே சுருக்கிய கோப்பில் அணைந்துபோனவற்றை இந்தக் கட்டளை மீண்டும் இயக்காது, அதற்கு அணைக்க மட்டுமே தெரியும். சான்றிதழ், பிழைதிருத்தத் தகவல், 8821சியூ ஆகிய மாற்றங்களையும் மறுபடி செய்ய வேண்டும். சான்றிதழ் வரிகளையும் 8821சியூ வரியையும் ஒரு சிறிய ஷெல் நிரலாக எழுதும் வேலையை அந்த மாணவியிடம் கொடுங்கள்.

டொங்கிள் வட்டாகத் தெரிவதற்குக் கெர்னல் காரணமல்ல. ரியல்டெக் டொங்கிள்கள் பல, விண்டோஸ் இயக்கியைச் சுமந்த ஒரு சீடியாகத் தம்மை முதலில் அறிமுகப்படுத்தும். எல்எஸ்யூஎஸ்பியில் அடையாளம் '0பிடிஏ:1ஏ2பி' என்று இருந்தால் அதுதான். 'யூஎஸ்பி_மோட்ஸ்விட்ச்' நிறுவி இதை ஓட்டுங்கள்:

சூடோ யூஎஸ்பி_மோட்ஸ்விட்ச் -கேடபிள்யூ -வி 0பிடிஏ -பி 1ஏ2பி

சீடி கழன்று, வைஃபைச் சாதனம் வேறோர் அடையாளத்தோடு வரும். கையால் ஓட்டி வேலை செய்தால் பிறகு அதை, செருகியதும் தானாக ஓடும் ஒரு யூடெவ் விதியாக எழுதலாம். சில்லுக்குள் ஏற்றும் ஃபர்ம்வேர் கோப்பைத் தேடி அலைய வேண்டாம். 8821சிஈ என்ற உள்ளட்டைக்கும் இதே கோப்புத்தான் என்பதால் உபுண்டுவின் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியில் அது ஏற்கெனவே இருக்கிறது.

மற்றக் கணினியில் தொகுக்கத் தேவையில்லை. 'மேக் -ஜே2 பின்டெப்-பிகேஜி' என்று கொடுங்கள். மூல அடைவுக்கு ஒரு படி மேலே டெப் கோப்புகள் வந்து விழும். ஏதாவது பொதி குறைந்தால் அதன் பெயரைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடும். வந்தவற்றில் 'லினக்ஸ்-இமேஜ்' என்று தொடங்குவதைப் பென்டிரைவில் எடுத்துப்போய், அங்கே 'டிபிகேஜி -ஐ' மூலம் நிறுவினால், தொடக்கத்தில் கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் பட்டியலில் தானாகச் சேரும். அந்தக் கணினியின் பயோஸில் செக்யூர் பூட் இயங்கினால் உங்கள் கெர்னலில் கையொப்பம் இல்லையென்று ஏற மறுக்கும், அதை முதலில் பாருங்கள். இரண்டு கணினியிலும் 5.15 ஐ நீக்காமல் வைத்திருங்கள். கிரப் பட்டியல் சில நொடிகள் திரையில் நிற்கும்படி அமைத்துவிட்டால், புதியது ஏறாத நாளில் பழையதில் ஏறிப் பாடத்தை நடத்தலாம். அடுத்து எங்கேயாவது நின்றால், டீ கட்டளையில் சேமித்த பதிவின் முதல் நட்சத்திர வரியையும் அதற்கு மேலேயுள்ள பத்து வரிகளையும் இங்கே போடுங்கள்.